வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஃபோம் வாள் செய்வது எப்படி

காஸ்ப்ளேக்கு (கதாபாத்திரங்களைப்போல வேடமணிவதற்கு) முதன்முதலாக ஆயுதம் செய்ய உட்காருகிறவர் வாளில் தொடங்குவதுதான் நல்லது. வெட்டுவது, ஒட்டுவது, சரிவு சீவுவது, துளை அடைப்பது, வண்ணம் பூசுவது என்று ஃபோம் (ரப்பர்போல மெத்தென்ற நுரைத் தாள்) வேலையின் எல்லாப் பாடமும் அதில் வந்துவிடும். உருவம் மட்டும் எளிது. துப்பாக்கி செய்யும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். அசல்போலத் தோன்றும் துப்பாக்கி மாதிரிகளைச் சிங்கப்பூர்ச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. செய்தே ஆக வேண்டுமென்றால் பத்தடி தள்ளிப் பார்த்தாலும் விளையாட்டுப் பொருள் என்று தெரியும் உருவமும் நிறமும் இருக்கட்டும்.

இங்கே செய்யப்போகும் வாளின் மொத்த நீளம் 95 செ.மீ. அலகு (வெட்டும் பகுதி) 75, காம்பு (கைப்பிடிப் பகுதி) 17, அடிக்குமிழ் (பிடியின் கடைசியில் உள்ள குமிழ்) 3. நான்கு அடுக்கு 5 மி.மீ. ஃபோம், நடுவில் 10 மி.மீ. மரக்கம்பு, அவ்வளவுதான் அமைப்பு. கையால் செய்யும் வேலை இரண்டு சனி ஞாயிறில் முடியும். மற்ற நேரமெல்லாம் காய்வதற்கு. அந்தக் காயும் நேரத்தில்தான் இங்கே பலருக்கும் வேலை கெடுகிறது. வெளிநாட்டு வீடியோவில் “பத்து நிமிடம் விட்டால் போதும்” என்பார்கள். அவர்கள் வறண்ட ஊரில் இருந்து பேசுகிறார்கள். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். பசை, அடைப்புப் பூச்சு, வார்னிஷ் மூன்றையும் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் கையாள வேண்டும்.

வாங்க வேண்டியவை

ஈவிஏ ஃபோம், 5 மி.மீ. தடிமன், 100 × 50 செ.மீ. தாள் ஒன்று. அலங்கார வேலைக்கு 2 மி.மீ. தாள் சிறியதாக ஒன்று. பிள்ளைகள் அறையில் போடும் புதிர்ப் பாயும் ஈவிஏதான், விலையும் குறைவு. ஆனால் அது பெரும்பாலும் 10 மி.மீ.க்கு மேல் தடிமன், ஒரு பக்கம் கோடு கோடாக இருக்கும், அடர்த்தியும் குறைவு. வெட்டிப் பழக அது போதும், அலகுக்கு வேண்டாம். கடையில் ஃபோமைத் தேர்வு செய்ய ஒரு வழி: விரல் நகத்தால் அழுத்திவிட்டு எடுங்கள். தடம் உடனே மேலெழும்பினால் நல்ல அடர்த்தி. குழியாகவே நின்றால் உப்புத்தாள் போடும்போது பஞ்சுபோலப் பிய்ந்து வரும்.

மரக்கம்பு 10 மி.மீ. விட்டம், 90 செ.மீ. நீளம். கடையின் மேசைமீது உருட்டிப் பார்த்து வாங்குங்கள். தள்ளாடி உருண்டால் கம்பு வளைந்திருக்கிறது. வளைந்த கம்பு வளைந்த வாளாகத்தான் முடியும். உலோகக் குழாய் வைக்காதீர்கள். எடை கூடும், நிகழ்ச்சி வாசலில் திருப்பி அனுப்பியும் விடலாம்.

மஞ்சள் நிறக் காண்டாக்ட் பசை 250 மி.லி. டின் ஒன்று (செருப்பு ஒட்டுவதற்குப் பயன்படுவது), 18 மி.மீ. கட்டர், அதற்குப் பத்துப் பிளேடுகள், ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி), இரும்பு ஸ்கேல், வெட்டுப் பாய், 120, 240 எண் உப்புத்தாள், வண்ணம் பூசக்கூடிய அக்ரிலிக் சீலண்ட் (இடைவெளி அடைக்கும் பசை) ஒரு குழாய். சீலண்ட் வாங்கும்போது சிலிகோன் இல்லை என்று இருமுறை பாருங்கள். சிலிகோன் மேல் எந்த வண்ணமும் நிற்காது. அதைத் துடைத்தெடுக்கவும் முடியாது.

ஹார்டுவேர் சாமான்களுக்கு ஜாலான் புசார் பக்கத்துக் கடைகள், வண்ணத்துக்கும் தூரிகைக்கும் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் உள்ள ஆர்ட் ஃபிரெண்ட், பிடியைச் சுற்றச் சரிகைக் கரை வேண்டுமென்றால் லிட்டில் இந்தியாவின் தேக்கா. பேட்டைக் கடையிலேயே பாதிச் சாமான் கிடைத்துவிடும்.

இன்னும் ஒன்று, இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது: கரிம ஆவி வடிகட்டும் கேட்ரிட்ஜ் பொருத்திய அரைமுக மாஸ்க். என்95 தூசியை நிறுத்தும், பசையின் ஆவியை நிறுத்தாது. உப்புத்தாள் போடும்போது என்95 போதும். பசைக்கும் ஸ்ப்ரேக்கும் கேட்ரிட்ஜ்தான்.

வார்ப்புரு வரைதல்

மாஜோங் பேப்பர் (பெரிய வெள்ளைத் தாள்) ஒன்றை எடுத்து நீளவாக்கில் மடியுங்கள். மடிப்புக்கோடுதான் வாளின் நடுக்கோடு. ஒரு பாதி மட்டும் வரைந்து, மடித்தபடியே வெட்டி விரித்தால் இரு பக்கமும் ஒன்றுபோல வரும். முழு உருவத்தையும் கையால் வரைந்தால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு பக்கம் சாயும்.

இரண்டு வார்ப்புரு தேவை. உள்ளடுக்கு: அலகு 7 செ.மீ. அகலம், 75 நீளம், கடைசி 12 செ.மீ. கூராகக் குறுகும், அலகின் கீழே 3 செ.மீ. அகலத்தில் 17 செ.மீ. காம்பு. வெளியடுக்கு: அலகுப் பகுதி 4 செ.மீ. அகலம், நுனிக்கு 8 செ.மீ. முன்னாலேயே முடிந்துவிடும், காம்பு அதே 3 செ.மீ. ஒவ்வொன்றிலும் இரண்டு வெட்ட வேண்டும். நான்கையும் பக்கம் பக்கமாக வைத்தால் தாளின் 50 செ.மீ. அகலத்தில் 22தான் போகும். மீதியில் கைக்காப்பும் (அலகுக்கும் பிடிக்கும் நடுவில் வரும் குறுக்குப் பட்டை) குமிழும் தாராளமாக வரும்.

ஃபோமில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போடுங்கள். பெர்மனென்ட் மார்க்கர் மை, மேலே பூசும் வெளிர் வண்ணத்தில் ஊறிக் கசியும்.

உள்ளடுக்கு இரண்டிலும் நடுக்கோட்டின் மேல் 10 மி.மீ. அகலத்தில் ஒரு நீண்ட பள்ளம் குறித்துக்கொள்ளுங்கள். காம்பின் அடியில் தொடங்கி, நுனிக்கு 10 செ.மீ. முன்னால் முடிய வேண்டும். நீளம் 82 செ.மீ. நுனிக்குள் மரம் போகக் கூடாது. கூட்டத்தில் யார் மேலாவது பட்டால் வளைய வேண்டியது அந்த 10 செ.மீ.தான்.

வெட்டுதல்

புதுப் பிளேடோடு தொடங்குங்கள். ஃபோம் மெத்தென்று இருப்பதால் பிளேடு மழுங்காது என்று தோன்றும். உண்மையில் வேகமாகவே மழுக்கும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தால் சரி, சிறு சிறு பற்களாகக் கிழிந்திருந்தால் அந்த முனையை உடைத்து அடுத்த முனைக்குப் போங்கள். ஒரே அழுத்தத்தில் அடிவரை இறக்கப் பார்க்காதீர்கள். முதல் இழுப்பு வழி காட்ட, இரண்டாவது ஆழம் போக, மூன்றாவது பிரிக்க. பிளேடு நேர்க்குத்தாக நிற்க வேண்டும். கை சாய்ந்தால் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் அளவு மாறி, நான்கு அடுக்கை ஒட்டும்போது படிக்கட்டுப்போலத் துருத்தும். வளைவில் கையை வளைக்காமல் ஃபோமைத் திருப்புங்கள். உள்ளடுக்கு இரண்டிலும் குறித்த பள்ளத்தை அடிவரை வெட்டி எடுத்துவிடுங்கள்.

வெளியடுக்குப் பட்டைகளின் அலகுப் பகுதியில் இரு நீள ஓரங்களையும், ஒட்டுவதற்கு முன்பே, பிளேடை 45 டிகிரி சாய்த்துச் சீவிவிடுங்கள். ஒட்டிய பிறகு அந்த மூலைக்குள் பிளேடு சரியாக நுழையாது. இரண்டு பட்டைக்கும் வெளிமுகம் எது, உள்முகம் எது என்று பேனாவால் எழுதிவைத்துக்கொண்டு சீவுங்கள்.

கைக்காப்புக்கு 16 × 4 செ.மீ. பட்டை இரண்டு. நடுவில் காம்பு நுழையத் துளை. காம்பு 30 × 20 மி.மீ. இருக்கும், துளையை 28 × 18 ஆக வெட்டுங்கள். ஃபோம் இழுபட்டு இறுக்கிப் பிடிக்கும். சரியான அளவில் வெட்டினால் ஆடும். குமிழுக்கு 5 செ.மீ. விட்டத்தில் ஆறு வட்டம். நான்கில் நடுவே 10 மி.மீ. துளை, இரண்டில் வேண்டாம்.

சூடு காட்டுதல்

ஃபோமின் மேற்பரப்பு முழுக்க நுண்துளை. ஹீட் கன் சூட்டில் அவை மூடிக்கொள்ளும். சுமார் 10 செ.மீ. தள்ளிப் பிடித்து, சுவருக்கு ரோலர் போடுவதுபோல நிறுத்தாமல் நகர்த்துங்கள். மங்கலாக இருந்த பரப்பு மெல்லப் பளபளப்பாக மாறும். சாய்த்துப் பார்த்தால் மாறிய இடமும் மாறாத இடமும் பிரிந்து தெரியும். பளபளப்பு வந்த நொடியே அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள். அங்கேயே நின்றால் சுருங்கும், கொப்புளிக்கும், பிறகு குழி விழும். முதலில் வெட்டிப்போட்ட துண்டில் பழகிக்கொள்ளுங்கள். தலைமுடி உலர்த்தும் டிரையர் இந்த வேலைக்குப் போதாது.

வெளியே தெரியும் முகங்களுக்கு மட்டும் இப்போது சூடு காட்டினால் போதும். பட்டை வளைந்துகொண்டால் மறுபக்கமும் லேசாகக் காட்டி, சமமான தரையில் கனமான புத்தகங்களை வைத்து ஆறவிடுங்கள்.

ஒட்டுதல்

நிதானம் தேவைப்படும் இடம் இது. காண்டாக்ட் பசை, ஈரமாக இருக்கும்போது சேர்த்து அழுத்தும் பசை இல்லை. இரு பரப்பிலும் மெல்லிசாகப் பூசி, இரண்டையும் தனித்தனியே காயவிட்டு, அதன்பின் சேர்க்க வேண்டும். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலோடு நூலாக வரக் கூடாது. இங்கே அதற்குப் பெரும்பாலும் 10 முதல் 15 நிமிடம் ஆகும். கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள்.

காயும்போது பசைமேல் வெள்ளையாகப் பனிபடிந்தது மாதிரித் தெரிந்தால் நிறுத்துங்கள். பசையில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிரும்; காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நீராகப் படியும். அதன் மேலேயே ஒட்டினால் அன்றைக்குப் பிடித்ததுபோல இருக்கும், நிகழ்ச்சி நாளில் இதழ் விரிவதுபோல ஓரம் விரியும். முழுக்கக் காயவிட்டு, வெயிலடிக்கும் நேரத்தில் இன்னொரு மெல்லிய பூச்சுக் கொடுத்துப் பிறகு ஒட்டுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது பசை டின்னைத் திறக்கவே வேண்டாம். ஏர்கான் அறையில் வைத்திருந்த ஃபோமை எடுத்து வந்து உடனே பூசினாலும் இதே கதைதான். குளிர்ந்த ஃபோம்மேல் ஈரம் சேரும். அரை மணி நேரம் வெளியே வைத்து அறைச் சூட்டுக்கு வந்தபின் தொடங்குங்கள். ஈரத்துக்குப் பயந்து ஏர்கானைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டுவது அதைவிட மோசம், ஆவி முழுக்க அறைக்குள்ளேயே நிற்கும்.

பசையின் ஆவி தீப்பிடிக்கும்; கனமானதால் தரையோடு தவழ்ந்து தூரம் போகும். அடுப்பு எரியக் கூடாது, ஹீட் கன் போடக் கூடாது. சாமி விளக்கும் ஊதுபத்தியும் எரிகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டில் பலரும் மறப்பது அதைத்தான். மின்விசிறியை ஜன்னலைப் பார்த்து வையுங்கள், காற்று வெளியே போக வேண்டும்.

வரிசை இப்படி. முதலில் ஒரு வெளியடுக்கை ஓர் உள்ளடுக்கோடு ஒட்டுங்கள். அதேபோல இன்னொரு ஜோடி. இப்போது ஒவ்வொரு பாதியிலும் 5 மி.மீ. ஆழத்தில் ஒரு வாய்க்கால் தெரியும். கம்பை 84 செ.மீ.க்கு வெட்டி, 120 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஒரு பாதியின் வாய்க்காலில் பசையோடு பதியுங்கள். காம்பின் அடியில் 2 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது குமிழுக்குள் போகும். அதன்மேல் மற்றப் பாதி.

காண்டாக்ட் பசை தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது. 92 செ.மீ. நீளத்தை ஒரே மூச்சில் நேராக இறக்க யாராலும் முடியாது. அதனால் இரண்டு பாதிக்கும் நடுவில், கேக் சுடும்போது அடியில் விரிக்கும் பேக்கிங் பேப்பரைப் பட்டை பட்டையாகப் போட்டுவிடுங்கள். காய்ந்த பசை அதில் ஒட்டாது. மேல்பாதியை வைத்து ஓரங்களைச் சரிபார்த்து, காம்புப் பக்கத்துப் பட்டையை முதலில் உருவி அழுத்துங்கள். பிறகு அடுத்தது, அடுத்தது என்று நுனிவரை. கடைசியில் சப்பாத்திக் குழவியால் ஒருமுறை அழுத்தி உருட்டுங்கள். பிடிப்புக்குக் காரணம் எடை இல்லை, அழுத்தம். 24 மணி நேரம் வளைத்துப் பார்க்காதீர்கள்.

அலகைச் சீவுதல்

உள்ளடுக்கின் ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே, இரு பக்கமும் கோடு போடுங்கள். பக்கவாட்டில் 10 மி.மீ. தடிமன் தெரியும்; அதன் நடுவில் 4 மி.மீ. மிச்சம் இருக்கும்படி இரண்டு கோடு. மேல்கோட்டிலிருந்து பக்கக்கோட்டுக்குச் சாய்வாகச் சீவ வேண்டும். பிளேடை நீளமாக வெளியே தள்ளி, 20 செ.மீ. வரை நிறுத்தாமல் இழுங்கள். நடுவில் நிறுத்தும் ஒவ்வொரு இடமும் ஒரு தழும்பாக நிற்கும். 4 மி.மீ.க்குக் கீழே மெலிய வைக்காதீர்கள். கூர்மை கண்ணுக்குத் தெரிந்தால் போதும். மெலிந்த ஓரம் அலையடிக்கும், பூச்சும் வெடிக்கும்.

உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி 120, பிறகு 240. விரலால் பிடித்துத் தேய்த்தால் அலகு மேடுபள்ளமாகும். தேய்த்தபின் எழும் பஞ்சுபோன்ற ரோமத்தை ஹீட் கன்னால் ஒரே ஒரு வேகமான ஓட்டம் ஓட்டினால் சுருண்டு மறையும். ஒட்டிய கோட்டின்மேல் நிறுத்தாதீர்கள். சூட்டில் பசை இளகி விட்டுவிடும்.

கைக்காப்பின் இரு பட்டைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, காம்பின் அடியிலிருந்து ஏற்றி அலகின் தோளில் முட்ட நிறுத்திப் பசை போடுங்கள். துளையுள்ள நான்கு வட்டங்களை நீட்டிய கம்பில் கோத்து, மேலே மற்ற இரண்டால் மூடினால் குமிழ். பிடியின் மூலைகளைத் தேய்த்து உருட்டிவிடுங்கள். இணைப்புக் கோடுகளில் அக்ரிலிக் சீலண்ட்டை ஈர விரலால் தடவி, மறுநாள்வரை காயவிடுங்கள்.

அலங்காரத்துக்கு ஒரு வித்தை, செய்து பார்க்கும்போது மனம் நிறையும். அலகின் மேற்பரப்பில் 2 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் பிளேடால் ஒரு கோடு கீறுங்கள். கீறியது கண்ணுக்கே தெரியாது. அதன்மேல் ஹீட் கன்னை ஓட்டினால் கீறல் தானாக வாய் திறந்து, செதுக்கியதுபோல ஒரு சீரான பள்ளமாகும். கொடியும் இலையும் எழுத்தும் இப்படியே வரும். சுத்தியல் அடித்த இரும்பின் தழும்பு வேண்டுமென்றால், அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி, சூடான ஃபோம்மேல் அழுத்தி எடுங்கள்.

அடைப்பும் வண்ணமும்

சூடு காட்டிவிட்டோமே என்று நேராக வண்ணம் பூசினால் ஃபோம் குடித்துக்கொண்டே இருக்கும், வளையும்போது வெடிக்கும். நடுவில் வளையும் தன்மையுள்ள ஒரு படலம் வேண்டும். ரப்பர் ஸ்ப்ரே நன்றாகவே இருக்கும். ஆனால் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் தூரிகையால் பூசும் அக்ரிலிக் அடைப்புப் பூச்சைத்தான் சொல்வோம். தாழ்வாரத்திலும் கீழ்த்தளத்திலும் ஸ்ப்ரே அடித்தால் துகள் சுவரிலும் அண்டை வீட்டுத் துணியிலும் படியும். அது பொது இடம். மெல்லிசாக மூன்று அல்லது நான்கு பூச்சு, ஒவ்வொன்றும் தொட்டால் குளிர்ச்சியே தெரியாமல் போகும்வரை காய வேண்டும். குளிர்ச்சி இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து பூசுவது மலிவு, ஆனால் ஈரத்தில் மறுபடி இளகும். பிடிப் பகுதியில் கைவியர்வை பட்டால் பிசுபிசுப்பாகிவிடும்.

காயவைக்க வாளை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் தொங்கவிடாதீர்கள். மாடியிலிருந்து பொருள் விழுவது இங்கே குற்றம். தாழ்வாரத்திலும் சாய்த்து வைக்க வேண்டாம், அது தீப்பிடித்தால் தப்பிச்செல்லும் வழி. குமிழில் ஒரு குச்சியைச் செருகி, சமையலறைப் பின்பக்கம் உள்ளேயே தொங்கவிடலாம்.

வண்ணம்: முதலில் முழுக்கக் கறுப்பு அக்ரிலிக். அதன்மேல் வெள்ளி. தூரிகையில் வண்ணம் எடுத்து, காகிதத்தில் துடைத்து, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்ற நிலையில் மேடுகளை மட்டும் உரசுங்கள். பள்ளங்கள் கறுப்பாகவே நிற்க, மேடுகள் உலோகமாக எழும். வெள்ளியை முழுக்கப் பூசினால் பிளாஸ்டிக்போலத் தெரியும். கடைசியாகக் கரும்பழுப்பு வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்து மூலைகளில் விட்டு, துணியால் ஒற்றி எடுங்கள். வார்னிஷும் தூரிகையால் பூசும் மேட் வகையே இருக்கட்டும். ஸ்ப்ரே வார்னிஷ் ஈரக்காற்றில் வெண்மையாக மூடிக்கொள்ளும், பசையில் பார்த்த அதே காரணம்தான். பிடியில் தோல்போன்ற பட்டையையோ பருத்திக் கயிற்றையோ இறுக்கிச் சுற்றுங்கள். கைக்காப்புக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்குச் சரிகைக் கரை வைத்தால் பழைய தமிழ் வீரன் வேடத்துக்கு அழகாகப் பொருந்தும்.

எடுத்துச் செல்லுதல்

சன்டெக்கில் நடக்கும் அனிமே ஃபெஸ்டிவல் ஏஷியாவோ, சிங்கப்பூர் காமிக் கானோ, எந்த ரசிகர் விழாவுக்குப் போனாலும் அந்த ஆண்டின் ஆயுத விதிகளை ஃபோம் வெட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள். நீள வரம்பு வேறாக இருந்தால் அலகைத்தான் குறைக்க வேண்டும், அதை முடித்த வாளில் செய்ய முடியாது. எம்ஆர்டி ரயிலில் வாளை வெளியே தெரியும்படி கொண்டுபோகாதீர்கள். யோகா பாய்ப் பையிலோ கிட்டார்ப் பையிலோ வைத்து மூடி, அரங்கத்துக்குள் போனபிறகு எடுங்கள். நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்னால், கேட்பதற்கு முன்பே ஃபோம் என்று சொல்லி நுனியை வளைத்துக் காட்டினால் வேலை சீக்கிரம் முடியும்.

பையில் ஒரு சிறிய புட்டியில் காண்டாக்ட் பசையைக் கொண்டுபோகத் தோன்றும். அது தீப்பிடிக்கும் பொருள், ரயிலில் வேண்டாம். அவசரத்துக்கு ஒரு சிறு குழாய் சூப்பர் குளூ போதும். அது காய்ந்தால் விறைப்பாகும், அலகில் போட்டால் அந்த இடம் உடையும். கைக்காப்பு, குமிழ் மாதிரி வளையாத இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் வாளைத் துடைத்து, சுவரில் சாய்க்காமல் படுக்கவைத்தோ குமிழில் தொங்கவிட்டோ வையுங்கள். சாய்த்து வைத்தால் சில வாரங்களில் நுனி ஒரு பக்கம் வளைந்து நின்றுவிடும். அப்படி வளைந்திருந்தால் மறுபக்கம் வளைத்துப் பிடித்து, மிதமான சூட்டில் டிரையர் காட்டி, ஆறும்வரை கையை எடுக்காமல் இருங்கள். ஹீட் கன் வேண்டாம், வண்ணம் கொப்புளிக்கும்.